பாதுகாப்பான ஊர் எது? கார் நிக்கோபார் கற்றுத்தரும் கணக்கு

ஓய்வு பெறும் நாள் நெருங்கும்போதும், பிள்ளைகளுக்கு வெளியூரில் வேலை அமையும்போதும், வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதும் நம் வாடிக்கையாளர்கள் தவறாமல் எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு. “அந்த ஊர் பாதுகாப்பானதுதானா?” என்பதே அது. வாழ்நாள் சேமிப்பை ஒரு மனையிலோ அடுக்ககத்திலோ இடுவதற்கு முன் எழ வேண்டிய நியாயமான கேள்விதான். விடை தேடுவோர் பெரும்பாலும் ஒரு தரவரிசைப் பட்டியலில் போய் நிற்கின்றனர். முதலிடம் பெற்ற நகரம் நல்ல நகரம், கடைசியில் நிற்பது ஆகாத நகரம் என்று முடிவு செய்துவிடுகின்றனர்.

அந்த முடிவு எவ்வளவு சரியானது என்று பார்ப்பதற்கு இவ்விதழில் நாம் ஒரு பெருநகரத்துக்குச் செல்லவில்லை. வங்கக் கடலைக் கடந்து, நகரம் என்று எதுவுமே இல்லாத ஒரு தீவுக்குச் செல்கிறோம்.

சோழப் பேரரசன் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ‘மாநக்கவாரம்’ என்று குறிப்பிடும் நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தின் வடகோடியில் இருப்பது கார் நிக்கோபார். நிக்கோபார் மாவட்டத்தின் தலைமையிடம் அதுவே. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் அறியப்பட்டு, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தலைநகரிலிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 17,841 மக்களும் கொண்ட சமதளத் தீவு. முஸ், மலாக்கா, பெர்கா, தமலூ, சவாய் என்று கரையோரக் கிராமங்கள். அவற்றுக்குப் பின்னே தென்னந்தோப்புகள். ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக் குடும்பமே நிலத்துக்கும் தோப்புக்கும் பன்றிகளுக்கும் உரிமையுடையது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ‘கேப்டன்’ என்று அழைக்கப்படும் தலைவர் உண்டு. தலைவர்களுக்கு மேலே பழங்குடியினர் மன்றம் உண்டு.

இத்தகைய ஊரில் குற்ற விகிதம் என்னவாக இருக்கும்? சென்னையோடும் கோயம்புத்தூரோடும் அதனை ஒப்பிட இயலுமா?

விகிதம் என்பது என்ன?

இந்தியாவில் குற்றக் கணக்கைத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடுவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை வழக்குகள் பதிவாயின என்பதே குற்ற விகிதம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட 19 பெருநகரங்களுக்கு அவ்வறிக்கை தனி அட்டவணைகளை அளிக்கிறது. தமிழகத்திலிருந்து சென்னையும் கோயம்புத்தூரும் அவற்றுள் அடங்கும். 2022ஆம் ஆண்டின் கணக்கில் மிகக் குறைந்த விகிதம் கொல்கத்தாவுக்கு உரியது: லட்சத்துக்கு 86.5 வழக்குகள். அடுத்து 280.7 என்ற அளவில் புனே, 299.2 என்ற அளவில் ஐதராபாத். ‘நாட்டின் பாதுகாப்பான நகரம்’ என்று ஆண்டுதோறும் வரும் செய்திகளின் ஊற்று இந்த அட்டவணைதான்.

வகுக்கும் எண் எது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பெருநகரங்களுக்கான விகிதம் 2011 கணக்கெடுப்பின் மக்கள்தொகையைக் கொண்டே கணிக்கப்பட்டு வந்துள்ளது. அதன் பின்னர் மிக வேகமாக வளர்ந்த நகரத்தில் வழக்குகள் இன்றைய மக்களுடையவை; வகுக்கும் எண்ணோ பழைய மக்களுடையது. விகிதம் உண்மையினும் கூடுதலாகத் தெரிய இதுவே போதும். எல்லைகளும் மாறுகின்றன. 2022 ஜனவரி முதல் ஆவடி, தாம்பரம் ஆகியவை தனிக் காவல் ஆணையரகங்களாயின. அதற்கு முந்தைய சென்னைக் காவல் எல்லையின் எண்ணையும் பிந்தைய எல்லையின் எண்ணையும் அருகருகே வைத்து ‘குறைந்தது’, ‘கூடியது’ என்று பேசுவது, பாகப் பிரிவினைக்குப் பின் வீட்டின் பரப்பு சுருங்கிவிட்டதே என்று வியப்பதற்கு ஒப்பாகும்.

ஒரே வழக்கின் எடை

இனி நம் தீவுக்கு வருவோம். 2022இல் நாடு முழுவதும் 28,522 கொலை வழக்குகள் பதிவாயின, லட்சத்துக்கு 2.1 என்பது தேசிய விகிதம். 36,842 மக்களைக் கொண்ட நிக்கோபார் மாவட்டத்தில் ஓராண்டில் ஒரே ஒரு கொலை நிகழ்ந்ததாகக் கொள்வோம். லட்சத்துக்கு 2.7 என்று கணக்கு வரும். கார் நிக்கோபார்த் தீவை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த ஒரே வழக்கு 5.6 ஆகிவிடும். நாட்டின் சராசரியைப் போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம்! மறு ஆண்டு ஒன்றும் நிகழாவிடில் விகிதம் சுழியம். தீவு நாட்டிலேயே பாதுகாப்பான இடமாகிவிடும். 86 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் சென்னைப் பெருநகர்ப் பகுதியில் அதே ஒரு வழக்கு விகிதத்தை 0.01 அளவுக்குத்தான் அசைக்கும்.

ஆக, தீவு ஓராண்டில் கொடிய ஊராகவும் மறு ஆண்டில் புனித ஊராகவும் மாறிவிடவில்லை; மக்கள்தொகை சிறிதாக இருப்பதால் எண் தாறுமாறாக ஆடுகிறது. சொந்த ஊரிலோ சிறு நகரத்திலோ மனை வாங்க எண்ணுவோர் இதனை நினைவில் கொள்வது நலம். சிறிய ஊரின் ஓராண்டு எண்ணைக் கொண்டு அஞ்சவும் வேண்டா, மகிழவும் வேண்டா. ஐந்தாண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஊரின் இயல்பு ஓரளவு புலப்படும்.

நிகழ்வும் பதிவும்

காவல் நிலையத்தில் பதிவாவது மட்டுமே கணக்கில் ஏறும். கார் நிக்கோபாரில் சிறு பூசல்களும் சொத்துத் தகராறுகளும் மரபாகக் கிராமக் கேப்டன் முன்னிலையிலும் மன்றத்திலும் பேசித் தீர்க்கப்படுவன. பேசித் தீர்ந்த பூசலுக்கு முதல் தகவல் அறிக்கை ஏது? அதே பூசல் மாநகரின் ஒரு தெருவில் நிகழ்ந்தால் அது ஒரு வழக்கு. மேலும், பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதிச் சீட்டின்றி வெளியார் இத்தீவில் கால் வைக்க இயலாது. நாள்தோறும் வெளியூரிலிருந்து பல்லாயிரவர் வந்து திரும்பும் நகரத்தில், அவர்களால் நிகழும் குற்றமும் அவர்களுக்கு நிகழும் குற்றமும் நகரவாசிகளின் தலைக்கணக்கில் எழுதப்படுகின்றன. தீவுக்கு அந்தச் சுமை இல்லை.

எண் உயர்ந்தால் குற்றம் பெருகிவிட்டது என்று கொள்வது தவறு என்பதை ஆவணக் காப்பகமே தன் அறிக்கைகளில் எச்சரித்து வருகிறது. இதற்கு 2020ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவ்வாண்டு நாட்டின் குற்ற விகிதம் 385.5லிருந்து 487.8ஆகத் தாவியது. மக்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஆண்டு அது. திருட்டு வழக்குகள் குறைந்திருந்தன. உயர்வுக்குப் பெருங்காரணம், அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான வழக்குகள் 29,469லிருந்து 6,12,179ஆகப் பெருகியமையே. ஊரடங்கில் வெளியே வந்தவர்களும் அந்த ஆண்டின் குற்றக் கணக்கில் இடம்பெற்றனர்.

எதிர்ப்புறத்திலும் இதே உண்மை உண்டு. காவல் நிலையத்தின் வாயில் எளிதில் திறந்தால், பெண்கள் அச்சமின்றிப் புகார் அளிக்க முன்வந்தால், இணைய வழியாகவே திருட்டைப் பதிவு செய்ய வழி பிறந்தால் எண் உயரும். அத்தகைய உயர்வு நல்லாட்சியின் அடையாளமாகவும் இருக்கலாம். குறைந்த எண்ணுக்குப் பின்னால் அமைதி இருக்கலாம். வாய்மூடிய அச்சமும் இருக்கலாம்.

அட்டவணையில் இடம்பெறாத ஆபத்து

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களை வாரிச் சென்றது. விமானப்படைத் தளத்தில் மட்டும் படையினரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2001இல் 42,068ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை, நாடெங்கும் தொகை ஏறிய பத்தாண்டுகளில், 36,842ஆக இறங்கியது. கிராமங்கள் கரையை விட்டு உள்நோக்கி இடம்பெயர்ந்தன. கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தோருக்குத் தனித்தனிக் குடும்பக் கணக்கில் நிவாரணமும் வீடும் வழங்கப்பட்டபோது துஹெத்தின் பிணைப்பு தளர்ந்ததாகவும் ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர்.

அத்தீவின் அந்த ஆண்டுக் குற்ற விகிதத்தை எடுத்துப் பார்ப்பவருக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. பாதுகாப்பு என்பது குற்றமின்மையைவிடப் பெரிய சொல். நாடு முழுவதற்கும் இது பொருந்தும்: 2022இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். கொலை வழக்குகளின் எண்ணிக்கையைப் போல் இது ஏறத்தாழ ஆறு மடங்கு. வீடு வாங்குமுன் அந்தப் பகுதியின் திருட்டுக் கணக்கை விசாரிப்பவர், பிள்ளைகள் பள்ளிக்குக் கடக்க வேண்டிய நெடுஞ்சாலையையும், மழைக்காலத்தில் நீர் தேங்கும் தெருவையும், தீயணைப்பு வண்டி நுழையும் அகலம் அந்தச் சந்துக்கு உண்டா என்பதையும் விசாரித்தல் வேண்டும்.

கம்பிவடம் வழியே வரும் களவு

2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழைவடம் தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் தொடும் தீவுகளுள் கார் நிக்கோபாரும் ஒன்று. தொலைபேசித் தொடர்புக்கே தவித்த தீவுக்கு இணையவழி மருத்துவமும் கல்வியும் வங்கிச் சேவையும் விரைவாக எட்ட அது வழி திறந்தது. பெரும் நன்மை அது, ஐயமில்லை.

ஆனால் எந்த வடத்தின் வழியே பணம் போகிறதோ அதன் வழியே மோசடிக்காரனின் குரலும் வரும். அனுமதிச் சீட்டும், கடலும், முகம் தெரிந்த கிராமமும் அவனைத் தடுப்பதில்லை. அவன் எங்கோ ஒரு நகரத்து அறையில் அமர்ந்து, தீவில் இருப்பவரின் கைப்பேசியை அழைக்கிறான். வழக்கு பொதுவாகப் புகார் அளித்தவரின் ஊரில் பதிவாகும். அவ்வூரின் விகிதம் உயரும். குற்றவாளி வாழும் தெருவின் கணக்கில் ஒன்றும் ஏறாது. ‘பாதுகாப்பான ஊர்’ என்ற சொல்லே இங்கே பொருளிழக்கிறது.

2022இல் 65,893ஆக இருந்த இணையக் குற்ற வழக்குகள் 2023இல் 86,420ஆக உயர்ந்தன. இவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏமாற்றிப் பணம் பறிக்கும் நோக்கமுடையவை. அதே 2023இல் தேசிய இணையக் குற்ற முறையீட்டு வலைத்தளத்தில் பதிவான நிதி மோசடிப் புகார்களோ 11 லட்சத்துக்கும் மேல். புகாருக்கும் வழக்குக்கும் இடையில் எவ்வளவு பெரிய இடைவெளி! வெட்கத்தால் புகாரே அளிக்காதவர்களை இக்கணக்கிலும் காண இயலாது.

தீவின் பழைய வழக்கம் நமக்குத் துணை செய்யும் இடம் இதுதான். குறை நேர்ந்தால் தலைவரிடம் சென்று சொல்வது அங்குள்ள முறை. ஏமாந்தவர் பலர் செய்வதோ நேர்மாறு: வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் மறைக்கின்றனர். அந்த மௌனமே மோசடிக்காரனுக்கு முதல் துணை. பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு ஓடும் முதல் சில மணி நேரத்தில் தகவல் கிடைத்தால்தான் இடையில் முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

நாம் செய்யத்தக்கவை

• ஊர்களை ஒப்பிடும்போது மொத்த எண்ணிக்கையை விடுத்து விகிதத்தைப் பாருங்கள். குறைந்தது ஐந்தாண்டுகளுக்குப் பாருங்கள்.

• மொத்த விகிதத்தோடு நில்லாமல் வகையைப் பிரித்துப் பாருங்கள். வீடு புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு, பெண்களுக்கு எதிரான குற்றம் ஆகியவை வீடு தேடுவோருக்குத் தேவையான எண்கள்.

• மனை வாங்குமுன் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் அப்பகுதிக்குச் செல்லுங்கள். தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், அருகிலுள்ள காவல் நிலையம், மருத்துவமனை ஆகியவற்றைக் கண்ணால் காணுங்கள். அங்கு வாழும் பெண்களிடமும் முதியோரிடமும் கேளுங்கள்.

• எந்த அவசரத்துக்கும் 112. இணைய நிதி மோசடிக்கு 1930. இவ்விரண்டையும் வீட்டில் அனைவரின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள்.

• ஓ.டி.பி., கடவு எண், அட்டையின் பின்புற எண் ஆகியவற்றை வங்கி ஒருபோதும் கேட்பதில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்று ஒரு நடைமுறை நம் சட்டத்தில் இல்லை.

• நீங்கள் செய்யாத பரிவர்த்தனை கணக்கில் தெரிந்தால் உடனே வங்கிக்குத் தெரிவியுங்கள். 2017 ஜூலை 6ஆம் நாளிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை, வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ தவறில்லாத நிகழ்வுகளில் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்புப் பொறுப்பில்லை என்று வகுத்தது. ரகசிய எண்ணை நாமே பகிர்ந்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையதே.

• 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம்.

பாதுகாப்பான ஊர் எது என்று கேட்டோம். கார் நிக்கோபாரின் கணக்கு அதற்கு ஓர் ஊர்ப்பெயரை விடையாகத் தரவில்லை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று கேட்கும் பழக்கத்தைத் தந்தது. அண்டை வீட்டாரை அறிந்த தெருவும், புகாரைக் கேட்கும் காவல் நிலையமும், நேர்ந்ததை மறைக்காமல் சொல்லும் குடும்பமும் எங்கு உள்ளனவோ அங்கு வீடு வாங்குங்கள். கடனுக்கான விண்ணப்பத்தோடு உங்கள் கிளை காத்திருக்கும்.