பட்டறையில் முதிரும் புதுமை

தொழிலில் வென்றவர்கள் மேடையேறினால், பொறி தட்டிய கணத்தைத்தான் அரங்கம் கேட்க விரும்புகிறது. பெரும்பாலும் அவர்களும் அதையே சொல்கிறார்கள். கேட்கும் மாணவரோ, நல்ல யோசனை ஒன்று கிடைத்தால் போதும், மற்றவை தாமே நடக்கும் என்று நம்பிவிடுகிறார். ஓசூரிலிருந்து போச்சம்பள்ளி, நாகரசம்பட்டி வரை பரந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழில் வரலாறு இந்த நம்பிக்கையைத் திருத்துகிறது. யோசனை எங்கும் பிறக்கலாம். ஆனால் சிந்திப்பவரும் செய்பவரும் அருகருகே நிற்கும் பட்டறையில்தான் அது பொருளாக முதிர்கிறது.

1984-இல் டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை அமைத்தது. மிக மெல்லிய கைக்கடிகாரம் வேண்டும் என்ற இலக்கை நிர்வாக இயக்குநர் செர்க்சஸ் தேசாய் பொறியாளர்கள் முன் வைத்தார். சொல்ல ஒரு வரி போதும். செய்யவோ, பேட்டரி, பற்சக்கரம், முள், கண்ணாடி ஒவ்வொன்றையும் புதிதாக அளந்து வடிவமைக்க வேண்டியிருந்தது; நீரும் உள்ளே புகக் கூடாது. பல ஆண்டு உழைப்பின் முடிவில் 2002-இல் வந்த ‘எட்ஜ்’ கடிகாரத்தின் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயக்கப் பகுதிக்கு 1.15 மில்லிமீட்டர்தான். அந்தக் கடிகாரத்தில் தேசாயின் துணிவுக்குச் சமமான பங்கு, பாகங்களுக்கு அச்சு வெட்டியவர்களின் கைத்திறனுக்கும் உண்டு. ஓசூரின் டிவிஎஸ் நிறுவனத்தின் கதையும் இதுதான். 1980-இல் இருவர் அமரும் மொபெட்டாக டிவிஎஸ் 50-ஐக் கொண்டுவந்த நிறுவனம், 2001-இல் சுசுகியுடனான கூட்டை முடித்துக்கொண்டு, அதே ஆண்டில் சொந்தமாக உருவாக்கிய ‘விக்டர்’ பைக்கைச் சந்தைக்கு அனுப்பியது. மறு ஆண்டே தரத்துக்கான டெமிங் பரிசு கிடைத்தது. கடைநிலை ஊழியர் வரை எல்லோரும் தரத்துக்குப் பொறுப்பேற்கும் முறைக்குத் தரப்படும் பரிசு அது.

பழைய ஆலைகளுக்குப் பொருந்துவது இன்றைய ஸ்டார்ட்அப்களுக்குப் பொருந்தாது என்று சிலர் வாதிடலாம். ஆனால் சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-இல் ஏத்தர் நிறுவனத்தைத் தொடங்கிய கதையைப் பாருங்கள். முதலில் அவர்கள் எண்ணியது பேட்டரி செய்வதைத்தான். தாங்கள் விரும்பிய பேட்டரிக்கு ஏற்ற வண்டி சந்தையில் இல்லை என்று கண்ட பிறகே முழு மின் ஸ்கூட்டரையும் தாங்களே செய்ய முடிவெடுத்தார்கள். வாடிக்கையாளர் கைக்கு வண்டி வந்தது 2018-இல். பின்னர் உற்பத்தியை ஓசூருக்குக் கொண்டுவந்தார்கள். மென்பொருள் காலத்திலும் ஒரு ஸ்கூட்டர் முதிர ஐந்து ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

பணமும் வேகமும் இருந்தால் அந்தக் காலத்தைச் சுருக்கலாமே என்பது இன்னொரு வாதம். அதில் உண்மையும் உண்டு. 2020-இல் நெதர்லாந்தின் மின் ஸ்கூட்டர் நிறுவனமான எட்டர்கோவை வாங்கிய ஓலா, அடுத்த ஆண்டிலேயே போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கரில் பெரும் ஆலையை எழுப்பத் தொடங்கி, ஆண்டு முடிவுக்குள் வண்டிகளையும் கொடுக்க ஆரம்பித்தது. பாராட்ட வேண்டிய வேகம்தான். ஆனால் 2022 மார்ச்சில் புனேயில் ஒரு ஸ்கூட்டர் தீப்பிடித்ததையடுத்து 1,441 வண்டிகளைச் சோதனைக்குத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. கட்டடத்தை மாதக்கணக்கில் எழுப்பிவிடலாம். சாலையும் வெயிலும் சொல்லித்தரும் பாடத்துக்கு அப்படிக் குறுக்குவழி கிடையாது. போச்சம்பள்ளிக்கு அருகிலுள்ள சந்தூரில் ஒட்டு மாங்கன்று கட்டுபவர்கள், கிளை எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் வேர்ச்செடி வலுவாக இல்லாவிட்டால் ஒட்டுப் பிடிக்காது என்பதை அறிவார்கள். வெளியிலிருந்து வரும் யோசனைக்கு இந்த மண்ணின் தொழில்திறனே வேர்ச்செடி.

அப்படியானால் வடிவமைப்பு பெங்களூரிலும் திருகு முடுக்கும் வேலை மட்டும் கிருஷ்ணகிரியிலும் என்ற பிரிவினையை நாம் ஏற்கக் கூடாது. தன் போச்சம்பள்ளி ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்றும், முழு அளவில் 10,000 பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்றும் ஓலா 2021-இல் அறிவித்தது. வேலை கிடைப்பது முதல் படி. ஒரு பாகம் எங்கே பொருந்தவில்லை என்பது அதைப் பொருத்தும் பெண்ணுக்குத்தான் முதலில் தெரியும். அவர் சொன்னால் வரைபடம் மாற வேண்டும். அவர் படித்து வடிவமைப்பு அறைக்குள் செல்ல வழியும் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் ஆளை மாற்றும் ஆலை, அந்த அறிவையும் சேர்த்தே வெளியே அனுப்பிவிடுகிறது. நாகரசம்பட்டி போன்ற பேரூர்களின் ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஆலைகள் தம் சோதனைக்கூடங்களைத் திறந்துவிடுவதை நிலமும் சலுகையும் தரும் அரசு ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். அடுத்த முறை புதுமையைப் பற்றிப் பேச மேடை போடும்போது, நிறுவனர் அருகே அச்சு வெட்டுபவருக்கும் ஒரு நாற்காலி போடுவோம். மாணவர்கள் அன்று முழுக் கதையையும் கேட்பார்கள்.