நிறமற்ற கழிவும் சங்கங்களின் கடமையும்

நொய்யலாற்றின் கரையில் அமைந்த மங்கலத்தில் விசைத்தறியும் வேளாண்மையும் அடுத்தடுத்து நடைபெற்று வருகின்றன. நெசவாளரும் உழவரும் அங்கத்தினராக உள்ள இப்பகுதிச் சங்கங்களில் ஆற்றுநீரைப் பற்றிப் பேச்செழுந்தால், அது பெரும்பாலும் சாயக்கழிவோடு முடிந்துவிடுவதை நாம் கண்டு வருகின்றோம்.

அதற்குத் தக்க காரணமுண்டு. பாசனத்திற்கென 1992-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. ஆயக்கட்டுதாரர் வழக்காடினர். சென்னை உயர்நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது; 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சாயச் சாலைகளை மூடவும் ஆணையிட்டது. சாயத்திற்கு நிறமுண்டு, அது வெளிவரும் குழாயும் உண்டு. ஆகவே அதைச் சுட்டிக் காட்டவும் அடைக்கவும் இயன்றது. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்திற்கோ நிறமுமில்லை, குழாயுமில்லை. எந்த வரப்பைத் தாண்டி, எந்த மழையில், எவ்வளவு ஓடிற்று என்று எவரும் அறியார்.

இவ்வாறு ஓடுவது நம் மாநிலத்தில் அளந்தறியப்பட்ட செய்தியே. 1980-களின் இறுதியில், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் ஜப்பானிய அறிஞர்களும் வெள்ளாற்று நீரைச் சோதித்தனர். உழவர்கள் பி.எச்.சி. என்று அறிந்திருந்த மருந்து, மழைக்காலமாகிய அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஆற்றில் மிகுந்து காணப்பட்டது. நெல் வயலுக்கு மருந்திடும் பருவமும் அதுவே. இட்ட மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கிற்கு மேல் ஆவியாகிக் காற்றில் கலந்தது என்றும், ஒரு பங்கிற்கும் குறைவானதே கழிமுகத்தை அடைந்தது என்றும் அவர்கள் கணக்கிட்டனர்.

ஒரு பங்கிற்கும் குறைவுதானே என்று எண்ணுவது தவறாகும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிளியர் ஏரி என்றோர் ஏரி உண்டு. அங்குக் கொசுவையொத்த சிறு பூச்சிகளை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி. (DDD) என்னும் மருந்து கலக்கப்பட்டது. பிற்பட்ட இருமுறையும் கலந்த அளவு ஐந்து கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு மட்டுமே. ஆயினும் நுண்ணுயிரை மீன் தின்ன, மீனை முக்குளிப்பான் பறவை தின்ன, மருந்து படிப்படியாகத் திரண்டது. மாண்ட பறவைகளின் கொழுப்பில் பத்து இலட்சத்தில் 1,600 பங்கு இருந்தது. அதாவது நீரிலிருந்ததைப் போல் எண்பதாயிரம் மடங்கு.

நம் நாட்டில் டி.டி.டி. (DDT) மருந்து 1989-ஆம் ஆண்டில் வேளாண்மையிலிருந்து விலக்கப்பட்டது. பி.எச்.சி. 1997-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் நிறுத்தியது. இனிக் கவலையில்லை என்று இருந்துவிடலாகாது. பழைய மருந்துகள் கொழுப்பில் தங்கின. இமிடாகுளோபிரிட் போன்ற இன்றைய மருந்துகள் நீரில் கரைந்து அதனோடு செல்லும் இயல்புடையன. மீனுக்கு இரையாகும் நீர்ப்பூச்சிகளுக்கு அவை மிகக் கொடியவை.

குழாயில்லாத கழிவை நீதிமன்ற ஆணையொன்றால் அடைத்துவிட இயலாது. ஒவ்வோர் உழவரையும் பெயரறிந்து அணுகக்கூடிய அமைப்பு கூட்டுறவுச் சங்கமே. ஆனால் மருந்து விற்கும் சங்கங்களுக்கு அவ்விற்பனையில் வருவாயும் உண்டு என்பதை நாம் மறைத்தல் கூடாது. விற்பனை பெருகினால் ஐந்தொகை அழகு பெறும். குளமும் கிணறும் கெட்டால் அந்நட்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது, அங்கத்தினர் வீட்டிலேயே ஏறும். உழவரின் கிணற்று நீரைத்தான் அண்டை வீட்டு நெசவாளரின் குழந்தையும் பருகுகின்றது. ஆகையால் மருந்து விற்பனைத் தொகையைக் கொண்டு மட்டும் சங்கத்தின் வளர்ச்சியை மதிப்பிடும் வழக்கத்தை நிர்வாகக் குழுவினர் கைவிட வேண்டும்.

செய்யத்தக்கன அரியவை அல்ல. பூச்சியின் எண்ணிக்கை பொருளாதாரச் சேத நிலையை எட்டிய பின்னரே மருந்தை நாட வேண்டும். பருத்திக்கு ஹெக்டேருக்குப் பன்னிரண்டு இனக்கவர்ச்சிப் பொறிகளும், ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறும் முதலில் பயன்படட்டும். இவற்றைச் சங்கமே இருப்பு வைத்து விற்கலாம். மழை வரும் அறிகுறி இருப்பின் தெளித்தல் ஆகாது. வாய்க்கால் ஓரத்தில் தெளிக்காத புல்வரம்பு ஒன்றை விட்டுவைக்க வேண்டும். காலிப் புட்டியை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கே தெளித்துவிட வேண்டும். தெளிப்பானைக் குளத்திலும் வாய்க்காலிலும் கழுவுவதை அறவே ஒழிக்க வேண்டும். புட்டிகளும் கழுவுநீரும் நீர்நிலையைக் கெடுக்கலாகாது என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளே கூறுகின்றன.

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவுடைமை. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒவ்வொரு சங்கமும் தன் பேரவையில் இதனை விவாதித்துத் தீர்மானம் இயற்றுமாக. சாயக்கழிவுக்கு நியாயம் கேட்ட உழவர், தம் வயல் கழிவுக்கும் தாமே பொறுப்பேற்பாராயின், ஆற்றைப் பற்றி நெசவாளரிடம் பேசும் அவரது சொல்லுக்கு இருமடங்கு வலிமை உண்டாகும்.