பெரிய வீட்டுக்குக் காவல்

வீடு பெரிதாகுந்தோறும் அதன் காவலும் கடினமாகின்றது. நம் நாற்சார் வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். நடுவே முற்றம், சுற்றிலும் விறாந்தை, தெருவை நோக்கிய தலைவாசல், கிணற்றடிக்குச் செல்லும் பின்கதவு, அடுக்களைக்கு வேறொரு கதவு, இவற்றோடு பல யன்னல்கள். பத்துப் பன்னிருவர் கூடி வாழ்ந்த காலத்தில் இத்தனை வாயில்களும் வசதியாகவே இருந்தன. எந்நேரமும் எவரேனும் ஒருவர் விழித்திருப்பார். இன்றோ பிள்ளைகள் கடல் கடந்து வாழ, முதியோர் இருவர் மாத்திரமே இருக்கும் பெரிய வீடுகள் பல. வீடு சுருங்கவில்லை, விழித்திருக்கும் கண்களே குறைந்துவிட்டன. அக்குறையை நிரப்பும் வழியை இங்கு ஆராய்வோம்.

காவல் என்றதும் கமரா வாங்கக் கடைக்கு விரைவோர் பலர். முதலில் வேண்டுவது ஒரு தாளும் பென்சிலுமேயாம். வளவின் படத்தை வரைந்து, உள்ளே நுழையக்கூடிய வழி ஒவ்வொன்றையும் குறித்துக் கொள்ளுதல் வேண்டும். கூரையைத் தொடும் மாமரக் கிளையையும் மறத்தலாகாது. பின்னர் ஒவ்வொரு வழிக்கும் நான்கு வினாக்களை எழுப்புக: வருபவனைத் தயங்கச் செய்வது எது? அவன் வரவை அறிவிப்பது எது? அவனைத் தாமதிக்கச் செய்வது எது? அறிவிப்பைக் கேட்டு ஓடி வருபவர் யார்?

தயங்கச் செய்வது வெளிச்சமும் அயலார் பார்வையுமே. உயர்ந்த மதில் பாதுகாப்பென்று தோன்றும். ஆயின் ஒருமுறை ஏறிக் குதித்துவிட்டவனை அதே மதில் தெருவின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ஆகவே மதில் உயர்ந்த இடத்தில் விளக்கும் அவசியமாகின்றது. தாமதிக்கச் செய்வன உறுதியான கதவு, நல்ல பூட்டு, திறாங்கு, யன்னற் கம்பி என்பன.

அறிவிக்கும் கருவிகளின் வரலாறு சுவையானது. அமெரிக்கரான அகஸ்டஸ் போப் என்பார் 1853ஆம் ஆண்டில் மின்சார அபாய மணிக்கு ஆக்கவுரிமை பெற்றார். கதவு திறந்ததும் மின்சுற்று இணைந்து மணி ஒலிக்கும். 1857இல் அவ்வுரிமையை வாங்கிய எட்வின் ஹோம்ஸ் அதனைப் பெருந்தொழிலாக வளர்த்தார். இன்று கதவு நிலையிற் பொருத்தும் காந்த உணரியும் கதவின் அசைவை மின்சுற்றினால் அறிவிப்பதே. அறைக்குள் நடமாட்டத்தை அறியும் உணரியோ, உடலின் வெப்பத்தால் வெளிப்படும் செங்கீழ்க் கதிரின் மாற்றத்தை உணர்கின்றது. வீட்டு நாயும் அதனை எழுப்பிவிடக்கூடும். ஆதலின் அது வைக்கும் இடத்தைத் தேர்ந்து வைத்தல் நன்று.

கமராவும் தொலைக்காட்சித் திரையும் கொண்ட வீட்டுக் காவல் ஒழுங்கொன்றுக்கு 1966இல் ஆக்கவுரிமை கோரியவர், நியூயோர்க்கில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண் என்ற தாதி. வீட்டில் தனித்திருக்கும் வேளைகளில், கதவைத் திறவாமலே வந்தவர் யாரென அறிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1969இல் அவ்வுரிமை அவருக்குக் கிடைத்தது. தனித்திருப்போரின் அச்சத்திலே பிறந்த கருவி அது என்பதை நினைவிற் கொள்வோமாக.

கருவியை வாங்கினால் மட்டும் போதாது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. சேமிப்பு மின்கலம் இல்லாத காவல், விளக்கணைந்ததும் உறங்கிவிடும். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லையும் அன்றே மாற்றுதல் வேண்டும். மாற்றப்படாத அத்தகைய சொற்களைப் பயன்படுத்தியே 2016இல் ‘மிராய்’ என்னும் தீய நிரல் உலகெங்கும் ஏராளமான கமராக்களைத் தன்வசமாக்கியது. கமராவின் பார்வை நம் வளவுக்குள் அடங்குதலும் முறை. அயலவரின் கிணற்றடியை நோக்கும் கமரா, காவலன்று, பகையே.

வேறொன்றும் உண்டு. கள்வன் புகாதபடி இரும்புக் கம்பியால் அடைத்த வீட்டில் தீப்பற்றினால் முதியோர் எவ்வழியே வெளியேறுவர்? படுக்கையறைக்கு அணித்தாக ஒரு வாயிலேனும் உள்ளிருந்து எளிதில் திறக்கக் கூடியதாதல் வேண்டும். அதன் திறப்பு இருளிலும் கைக்கெட்டும் ஓரிடத்தில் எப்பொழுதும் இருக்கட்டும்.

இனி நான்காம் வினா. இங்கு இரவு இரண்டு மணியாகும்போது ரொறன்ரோவில் முந்திய நாட் பிற்பகல். அங்கே வேலைத்தலத்தில் நிற்கும் மகன் தன் கைத்தொலைபேசியில் தாயின் முற்றத்தைக் காணலாம். ஓடி வர அவனால் இயலாது. ஓடி வரக்கூடியவர் அடுத்த வளவினரே. ஆகவே அபாய மணியின் முதற் செய்தி அவருக்கும், அடுத்த அழைப்பு பொலிசாரின் 119 இலக்கத்துக்கும் செல்லுமாறு அமைத்தலே அறிவுடைமை. அரணைப் பற்றி ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும், அதனுள் நின்று காக்கும் மாந்தரை மறந்தாரல்லர்.

வளவின் படம் வரைதல் மாணவர்க்கு நல்லதொரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. பாட்டனார் பாட்டியாரையும் அருகிருத்தி வரையுங்கள். எந்தக் கதவு இரவில் அவர்களை அஞ்ச வைக்கின்றது என்பதை அவர்களே அறிவர். படம் முடிந்ததும் அடுத்த வீட்டாரிடம் சென்று, அவர்தம் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு அதன் ஓரத்திற் குறித்துக் கொள்ளுங்கள்.