உத்தியோகப் படலம் – 14: வெள்ளை மைனாவுக்குக் கிடைத்த மரியாதை

போன கிழமை வர்த்தமானியோடு நிறுத்தினேன். வெள்ளிக்கிழமைகளில் எதைத் தேடுவது, விண்ணப்பத்தை ஏன் பதிவுத் தபாலில் போடுவது என்பதெல்லாம் சொல்லியாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடியுங்கள். இந்தக் கிழமை நேர்முகப் பரீட்சை. "உம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும்" என்று மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர் கேட்டால் என்ன சொல்வது என்று எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். வருவேன். ஆனால் நடுவில் ஒரு சீனக்காரர் வந்து நிற்கிறார், அவரை விலத்திக்கொண்டு போக மனமில்லை.

அவருக்கு முதல் ஒரு வேலையை முடித்துவிடுவோம். குருநகர்ப் பெடியள் கண்ட இடத்தில் கேட்பது, "அரசாங்க இன்டர்வியூவுக்கு என்ன படிக்க வேணும்?" என்பதுதான். முதலில் அழைப்புக் கடிதத்தைப் படியுங்கள். 'பொது நேர்முகப் பரீட்சை' என்று இருந்தால் அதற்குப் புள்ளியே கிடையாது. நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய தகைமை உங்களிடம் உண்டா என்று மூலப் பிரதிகளைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இதற்குப் போய் இரவிரவாக ஜனாதிபதிகளின் பெயரைப் பாடமாக்கியவர்களை எனக்குத் தெரியும். 'கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை' என்றால் கதை வேறு. மேலதிகத் தகைமைக்கு இத்தனை, அனுபவத்துக்கு இத்தனை, நேர்முகத்தில் காட்டும் திறமைக்கு இத்தனை என்று புள்ளித் திட்டம் இருக்கும். பெரும்பாலும் வர்த்தமானி அறிவித்தலிலேயே போட்டிருப்பார்கள்.

பொது நேர்முகத்தில் ஆட்கள் விழுவது அறிவில் அல்ல, பெயரில். குருநகரில் இது தனி நோய். பிறப்புச் சான்றிதழில் ஒரு அந்தோனிப்பிள்ளை, பள்ளிக்கூட இடாப்பில் அன்ரனி, ஞானஸ்நானப் பதிவில் புனிதரின் பெயர் இன்னொன்றும் சேர்ந்து, அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தில் வேறொரு பிறவி. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கடதாசிகளை விட்டுவிட்டு ஓடிய குடும்பங்களில் தகப்பனின் பெயரே இரண்டு விதமாக இருக்கும். இந்த நாலு பேரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, மூலப் பிரதிகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்த பிறகு ஓடாதீர்கள். விதானையாரின் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்திலும் ஒப்பம் வேண்டும் என்பதை எட்டாம் பகுதியில் எழுதியிருக்கிறேன்.

இனிச் சீனக்காரர்.

ஹான் யூ என்று பெயர். தாங் வம்ச காலத்தவர், 768 இல் பிறந்தவர். சீன உரைநடையின் பெரும் ஆசான் என்று இன்றைக்கும் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள். நான் சொல்லப்போவது அவர் வேலையில்லாமல் திரிந்த காலம். மூன்று வயதில் தகப்பன் போனார். தமையன் வளர்த்தார், தமையனும் போன பிறகு அண்ணி வளர்த்தார். தலைநகர் சாங்கானுக்கு வந்து பெரிய பரீட்சை எழுதினார், தவறினார், திரும்ப எழுதினார், திரும்பவும் தவறினார். நாலாம் தரம், 792 இல் தேறினார்.

இனிக் கதிரைதானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் சங்கதி இருக்கிறது. அந்தப் பரீட்சை தந்தது தகுதியை மட்டுந்தான். பதவி தருவது அதிகாரிகளின் நியமனத்தைப் பார்க்கும் அமைச்சு. அங்கே இன்னொரு வாசல். அந்த அமைச்சு ஆளை எடைபோட நாலு விஷயம் வைத்திருந்தது: ஒன்று உடற்தோற்றம், இரண்டு பேச்சு, மூன்று கையெழுத்து, நாலு ஒரு வழக்கைக் கொடுத்தால் நியாயம் பிரித்து எழுதும் தீர்ப்பு. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்திய புள்ளித் திட்டம்! கையெழுத்தைத் தட்டச்சுக்கு மாற்றிவிட்டால் இன்றைக்குக் கொழும்பில் எந்தக் கொம்பனிக்கும் அப்படியே பொருந்தும்.

அமைச்சு நடத்திய தேர்வுக்கு ஹான் யூ மூன்று தரம் போனார். மூன்று தரமும் விழுந்தார். பட்டம் இருக்கிறது, வேலை இல்லை. 2017 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் தறப்பாள் கட்டி மாதக்கணக்கில் இருந்த எங்கள் பட்டதாரிகளுக்கு ஆளின் நிலைமையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர்களில் பலருக்கு 2020 இல்தான் பயிலுநர் என்ற பெயரில் மாதம் இருபதாயிரம் ரூபாய் கண்ணில் தெரிந்தது. ஹான் யூவுக்குத் தறப்பாள் கிடைக்கவில்லை. பேனையைத் தூக்கினார், அதாவது தூரிகையை. 795 இன் தொடக்கத்தில் முதலமைச்சருக்கு ஒரு கடிதம். பத்தொன்பது நாள் காத்திருந்தார், பதில் இல்லை. இரண்டாவது கடிதம். இன்னும் இருபத்தொன்பது நாள். மூன்றாவது கடிதம்.

இந்த மூன்று கடிதங்களும் இன்றைக்கும் இருக்கின்றன என்பதுதான் இந்தக் கிழமை முழுக்க என்னைப் பிடித்து ஆட்டிய விஷயம். வேலை விண்ணப்பத்தின் இணைப்புக் கடிதம் ஒன்று ஆயிரத்து இருநூறு வருஷமாகக் குப்பைக்குப் போகாமல் தப்பியிருக்கிறது! முதலாவதில் பழைய நூல்களை எடுத்துக்காட்டி, தான் எவ்வளவு படித்தவன், எவ்வளவு ஒழுக்கமுள்ளவன், இருந்தும் எவ்வளவு பட்டினி என்று சொல்கிறார். இரண்டாவதில், தண்ணீரிலும் நெருப்பிலும் அகப்பட்டவன் கத்தினால் பார்த்துக்கொண்டிருப்பவன் ஓடிவந்து தூக்கமாட்டானா என்று கேட்கிறார். மூன்றாவதில் மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய காலத்தில் சௌ கோமகன் என்ற மந்திரி, திறமைசாலி ஒருவன் வாசலுக்கு வந்தால் வாயில் வைத்த சோற்றையும் துப்பிவிட்டு எழுந்து போவாராம். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று முதலமைச்சரிடமே கேட்டுவிட்டார். மூன்று தரம் வாசல்வரை வந்தேன், காவற்காரன் திருப்பி அனுப்பினான் என்ற முறைப்பாடும் அதில் உண்டு.

பதில் வரவே இல்லை.

அந்த வருஷம் ஐந்தாம் மாதம் தலைநகரை விட்டு ஊருக்குப் புறப்பட்டார். வழியில் எதிரே ஒரு கூட்டம், கையில் கூடு. கூட்டுக்குள் ஒரு வெள்ளைக் காகம், ஒரு வெள்ளை மைனா. அரசருக்குக் காணிக்கையாகக் கொண்டுபோகிறார்கள், வழியில் நிற்பவனெல்லாம் விலகி இடம் விட வேண்டும். இறகு வெள்ளையாக இருந்த ஒரே தகுதியில் மைனா நேரே அரண்மனைக்குப் போகிறது. இருபது வருஷம் புத்தகத்தோடு கிடந்தவர் எதிர்ப்பக்கம் நடக்கிறார். அதையும் ஒரு பாட்டாக்கி வைத்துவிட்டார் மனுஷன். மறுவருஷம், 796 இல், ஒரு மாகாண ஆளுநரிடம் சின்ன உத்தியோகம் கிடைத்தது. இடையில் எத்தனையோ நடந்தது. 819 இல் அரசரோடு பிரச்சினைப்பட்டுத் தெற்குக் கரைக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கே ஆற்று முதலைகளுக்கு வெளியேறும்படி நோட்டீஸ் விட்ட கதை தனி. ஆசிரியர் இடம் தந்தால் அதையும் எழுதுவேன். 822 இல், தன்னை மூன்று தரம் விழுத்திய அதே அமைச்சுக்கு உப அமைச்சரானார்.

இந்தச் சீனப் பரீட்சைக்கும் எங்களுக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 1854 இல் இங்கிலாந்தில் நோர்த்கோட், ட்ரெவெலியன் என்ற இருவர், ஆளைப் பிடித்து உத்தியோகம் எடுக்கும் வழக்கத்தை விட்டுப் போட்டிப் பரீட்சை வைக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தபோது, இது சீனாக்காரன் முறை என்று எதிர்த்தவர்கள் உண்டு. அடுத்த வருஷமே இந்தியச் சிவில் சேவைக்குத் திறந்த போட்டி வந்தது. அந்த வகைப் போட்டியில் வென்று இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம், 1875 இல். அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்து வீடுகளில் பரீட்சை ஒரு தெய்வம் ஆகிவிட்டது. மலாயாவுக்குக் கப்பல் ஏறிய கதை ஐந்தாம் பகுதியில் வந்துவிட்டது, திரும்பச் சொல்லமாட்டேன்.

ஹான் யூவின் கடிதங்களை நேர்முகக் குழுவில் இருப்பவனைப் போலப் படித்துப் பார்த்தேன். பெரிய எழுத்தாளர்தான், ஆனால் விண்ணப்பம் மோசம். தன் படிப்பைச் சொல்கிறார், பசியைச் சொல்கிறார், கேட்பவரின் கடமையையும் சொல்கிறார். இந்தக் கதிரையில் இருத்தினால் நாளைக்கு நான் இன்ன வேலை செய்து தருவேன் என்று ஓரிடத்திலாவது சொல்லவில்லை. எங்கள் பட்டதாரிகளின் விண்ணப்பங்களிலும் இதே குறை. குருநகரில் நான் கண்டது நேர் எதிர்.

கடற்கரைக்குக் கிட்ட ஒரு சனசமூக நிலையத்தில், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் நானும் மேசை போட்டுப் பயிற்சி நேர்முகம் நடத்தினோம். தனியார் கொம்பனி ஒன்றில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பித்த பெடியன் ஒருவன் வந்தான். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. சேட்டு மினுக்கி, சப்பாத்து பொலிஷ் பண்ணி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"தம்பி இப்ப என்ன செய்யிறீர்?"

"வேலை தேடிக்கொண்டிருக்கிறன் சேர்."

"அதுமட்டும்?"

"சும்மா, அப்பாவோட தொழிலுக்குப் போறனான்."

"வேலை அனுபவம்?"

"அப்பிடி ஒண்டும் இல்லை சேர்."

அதிபர் புள்ளித்தாளில் அனுபவத்துக்கு நேரே சைபர் போட்டார். சட்டப்படி சரி. பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது சும்மா கதைத்தோம். வீட்டில் படகுக் கணக்கு யார் பார்க்கிறது? "நான்தான். அப்பாக்கு எழுத்துச் சரிவராது." மண்ணெண்ணெய் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, எந்த வலை எத்தனை தரம் பொத்தியது, எந்த வியாபாரி எத்தனை கிலோ நண்டு எடுத்து எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார், செலவு கழித்து யாருக்கு எவ்வளவு பங்கு என்று பதினாலு வயதிலிருந்து கொப்பி எழுதுகிறான்.

அதிபர் விடவில்லை. "2022 இல என்ன செய்தனீங்கள்?" மண்ணெண்ணெய் கிடையாமல் இருந்த வருஷம் அது, ஓகஸ்டில் லீற்றர் எண்பத்தேழு ரூபாயிலிருந்து ஒரே இரவில் முந்நூற்று நாற்பது ஆனது. பெடியன் விளங்கப்படுத்தினான். மூன்று வீட்டாரிடம் இருந்த எண்ணெயைச் சேர்த்து ஒரு படகை மட்டும் ஓட்டினார்களாம். தூரத்துக்குப் போகிற வலையை நிறுத்திவிட்டுக் கிட்டத்தில் நண்டு வலை போட்டார்களாம். எந்த நாளில் போனால் எண்ணெய்க் காசாவது வரும் என்று பழைய கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தது இவன். மூன்று வீட்டுக்கும் தனித்தனிக் கணக்குக் காட்டியதும் இவன். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

களஞ்சியப் பொறுப்பாளருக்கு இதைவிட வேறு என்ன பதில் வேண்டும்? பொருள் தட்டுப்பாடு, விலை ஏற்றம், மூன்று தரப்பின் இருப்பு, கணக்கு, தீர்மானம் எல்லாம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. இதை மேசைக்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது கடல் கதைதானே சேர்" என்றான்.

இதற்குப் பெடியனை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். கரையூர் என்று பழைய பெயர் கொண்ட இந்த ஊரைப் பார்த்து யாழ்ப்பாணத்துக் கந்தோர்கள் நெடுங்காலம் எப்படி முகம் சுழித்தன என்பது எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பத்தில் குருநகரை விட்டுவிட்டு 'யாழ்ப்பாணம்' என்று மட்டும் முகவரி எழுதுகிற பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்கள். சாதியைப் பார்த்துக் கதிரை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இப்போது நேர்முகக் குழுவில் இருக்கலாம். அவர்களுக்குப் பயந்து கொப்பியை ஒளித்தால் நட்டம் யாருக்கு? அடிக்கடலை அரித்து எடுக்கும் இழுவைமடியை 2017 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகு, அதை நம்பியிருந்த வீடுகளின் பிள்ளைகள் கரைவேலை தேடுவது கூடிவிட்டது. தகப்பனின் தொழிலை மறைத்துக்கொண்டு தேடினால் கையில் மிஞ்சுவது உயர்தரப் பெறுபேறு ஒன்றுதான். அது எல்லோரிடமும் இருக்கிறது.

"உம்மைப் பற்றிச் சொல்லும்" என்ற கேள்விக்கு வருகிறேன். பெயரும் பள்ளிக்கூடமும் கேட்பவரின் கையில் உள்ள தாளில் இருக்கின்றன, அவற்றை வாசித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் பொறுப்பெடுத்துச் செய்த ஒரு காரியத்தை, எப்போது, என்ன இக்கட்டு, நீங்கள் செய்தது என்ன, முடிவு எப்படி என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லுங்கள். ஆனால் அதற்கு ஏற்ற காரியத்தை எப்படித் தெரிந்தெடுப்பது, பலவீனம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வது, சம்பளப் பேச்சு வந்தால் முதலில் வாய் திறப்பது யார் என்பதெல்லாம் இந்தக் கிழமைக்கென்று வைத்திருந்தவை. ஹான் யூ இடத்தைத் தின்றுவிட்டார்.

அடுத்த கிழமை அவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. கையில் தொழில் இருக்கிறது, கடதாசி இல்லை என்பவர்களுக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற் தகைமையில் ஒரு வழி உண்டு. வகுப்புக்குப் போகாமலே, செய்து பழகிய வேலையைப் பரீட்சகருக்கு முன்னால் செய்து காட்டி, அதற்கான அத்தாட்சிகளைக் கோப்பாகக் கொடுத்துச் சான்றிதழ் எடுக்கலாம். படகு என்ஜின் கழற்றிப் பூட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அதற்கு முதல், வீட்டில் பழைய கணக்குக் கொப்பிகள் கிடந்தால் கடையில் சுண்டல் சுத்தக் கொடுத்துவிடாமல் எடுத்து வையுங்கள். அந்தக் கோப்புக்குள் வைக்க அவை தேவைப்படலாம்.