ஸ்டாக்ஹோமில் வாப்பாவுக்கும் விடுப்பு உண்டு

வேலைக்காகக் குடும்பத்தோடு ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் குடியேறும் நம்மவர்களுக்கு, குளிரைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே உம்மம்மா இல்லை. அந்தச் சுமை உம்மாவின் தலையில் மட்டும் விழாமலிருக்கச் சட்டமே வழி செய்திருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

அங்கே பிறக்கும் குழந்தைக்காகப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து, உதவித்தொகையுடன் 480 நாள் விடுப்பு உண்டு. அதில் 90 நாள் வாப்பாவுக்கே உரியது. அவர் எடுக்காவிட்டால் உம்மாவுக்கு மாற்ற முடியாது, வீணாகிவிடும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், இருவரில் ஒருவர் உதவித்தொகை பெற்று வீட்டிலிருக்கலாம்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: பிள்ளைகளை அடிப்பதை, பெற்றோரே ஆனாலும், 1979 முதல் அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. கண்டிப்பைக் கையால் அல்ல, பேச்சால் காட்டப் பழகிக்கொள்வோம்.