அருவியடியில் ஒரு சிற்றுருவம்

கொல்லிமலையில் அறப்பளீசுவரர் சந்நிதியில் தொழுதுவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை முழங்கால் நோக இறங்கி ஆகாய கங்கையைக் கண்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அருவியின் உயரம் முதற்பார்வையில் புலப்படுவதில்லை. யாரேனும் ஒருவர் நீராடப் போய் அதன் அடியில் நின்ற மாத்திரத்தில், மலை எழுந்து நிமிர்ந்துவிடுகிறது. தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலச் சித்திரகாரரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட பாபநாசத்து அருவிப் படத்தைச் செம்மேட்டில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தபோது, எனக்கு அந்த நினைவே வந்தது. பாறைகளுக்கு நடுவே அருவி இறங்குகிறது; அடியில் மனித உருவங்கள் எறும்பு போலச் சிறுத்திருக்கின்றன.

1792-ல் அவர்கள் சென்னையிலிருந்து குமரிமுனை வரை பிரயாணம் செய்தார்கள். திப்பு சுல்தானிடமிருந்து சேலம், பாராமகால், திண்டுக்கல் சீமைகள் கிழக்கிந்தியக் கும்பினியார் வசமான வருஷம் அதுவே. ஆகவே இராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகளை வரைந்த படங்களில் நாம் காணும் சாந்தம், பீரங்கிகள் ஓய்ந்து சில மாதங்களே ஆன சாந்தம் என்பதை மறக்கலாகாது. படங்களை வாங்கிய லண்டன் சீமான்கள் அதையா கேட்டார்கள்?

டேனியல்கள் இருவரும் ஊர் திரும்பியபின், 1795 முதல் 1808 வரை, 144 படங்களைச் செப்புத் தகட்டில் ஏற்றினார்கள். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறித் திராவகத்தில் இட்டால், கீறிய இடத்தை மட்டும் திராவகம் அரித்துக் கோடாக்கும். இது பழைய முறை. அவர்கள் கையாண்ட அக்வாடின்ட் முறையிலோ, கோட்டோடு நில்லாமல், பிசின் தூளைத் தகட்டில் படியவிட்டுச் சூடேற்றி ஒட்டவைத்து, அந்த மணிகளின் இடைவெளிகளைத் திராவகம் அரிக்கும்படி செய்வார்கள். வானத்துக்குச் சிறிது நேரமே போதும். அந்தப் பகுதியை வார்னிஷால் மூடிவிட்டு, தூரத்து மலையையும், பிறகு அருகிலுள்ள பாறையையும் மேன்மேலும் அரிக்கவிட்டால், சாம்பல் நிறம் படிப்படியாகக் கருமையாகும். அருவியின் வெண்மை யாரும் தீட்டியதன்று, திராவகம் தொடாத தகட்டின் வெறுமை. அச்சிட்டபின் வர்ணத்தைக் கையால் பூசினார்கள்.

மணிகளுக்கிடையே திராவகம் அரித்த நுண்குழிகள் ஆழமற்றவையாதலால், தகட்டை அழுத்தி அச்செடுக்கும்தோறும் தேய்ந்துகொண்டே வரும். முதலில் மறைவது தூரத்து மலையின் மூட்டம். ஊசி கீறித் திராவகம் ஆழ அரித்த கோடுகள் அதற்கப்புறமும் நெடுநாள் நிற்கும்.