ஈரப் புல்லில் வழுக்காத லாடம்: ஸ்டட் மாட்டும் முறை

இங்கிலாந்தின் பேட்மின்டன் மாளிகை வளாகத்தில் 1949இலும் பர்லி மாளிகை வளாகத்தில் 1961இலும் தொடங்கிய ஈவென்டிங் போட்டிகள் குதிரையேற்ற உலகில் மிகப் பெயர்பெற்றவை. டிரெஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி, ஷோ ஜம்பிங் என்று மூன்று கட்டங்கள் கொண்ட விளையாட்டு இது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஃபவாத் மிர்சா 23ஆம் இடம் பெற்றது இந்த விளையாட்டில்தான். மூன்றில் கடினமானது கிராஸ் கன்ட்ரி. உச்சநிலைப் போட்டியில் குதிரை நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகத்தில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். வழியில் அசையாத மரத்தடைகள், பள்ளங்கள், நீர்க்குட்டைகள், சரிவுகள் எல்லாம் உண்டு.

ஓட்டம் முழுவதும் புல்தரையில். இங்கிலாந்தின் புல்லில் பனியோ மழையோ இல்லாத நாள் குறைவு. லாடம் குளம்பைத் தேய்மானத்திலிருந்து காக்கிறது. ஆனால் ஓடி ஓடி மழுங்கிப் பளபளக்கும் இரும்பு ஈரப் புல்லில் வழுக்கும். தடையைத் தாண்ட உந்தும் நேரத்தில் பின்னங்கால் வழுக்கினால், அரை டன் எடையுள்ள குதிரை அந்தத் தடையின் மேலேயே மோதும். அதைத் தவிர்க்கத்தான் லாடத்தில் ஸ்டட் திருகுகிறார்கள். கால்பந்து வீரரின் காலணிக்கு அடியில் இருக்கும் முள் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

வழுக்கும் தரையில் குதிரைக்குப் பிடிமானம் தேடுவது புதிதல்ல. லாடத்தின் முனைகளை நெருப்பில் காய்ச்சிக் கீழ்நோக்கி மடித்துவிடுவது பழைய வழக்கம். உறைபனிக் காலத்தில் கூரான தலையுள்ள ஆணிகளை அடிப்பதும் உண்டு. 1812இல் நெப்போலியனின் படை ரஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது, பனிக்கேற்ற லாடம் இல்லாத குதிரைகள் பனிக்கட்டியில் விழுந்து எழ முடியாமல் மடிந்தன. ஆனால் மடித்த முனையைக் குதிரை இரவும் பகலும் சுமக்க வேண்டும். திருகிக் கழற்றும் ஸ்டட்டின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது: தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் பிடிமானம், தேவை முடிந்ததும் குதிரையின் கால் சமமாகத் தரையில் பதியும்.

இனி, முறை.

1. லாடம் அடிக்கும் நாளில்

வேலை போட்டி நாளில் தொடங்குவதில்லை; லாடம் அடிக்கும் நாளிலேயே தொடங்குகிறது. குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்கிறார்கள். ஸ்டட்டுக்கான துளை வேண்டும் என்பதை லாடம் அடிப்பவரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும். அவர் லாடத்தைக் காலில் பொருத்துவதற்கு முன்பே, அதன் இரு குதிகால் முனைகளுக்கு அருகே, கடைசி ஆணிக்குப் பின்னால், துளையிட்டு உள்ளே மரை வெட்டிவிடுவார்.

மரையின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் பெரும்பாலும் 3/8 அங்குலம், அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் 10 அல்லது 12 மில்லிமீட்டர் மரையும் புழக்கத்தில் உண்டு. 3/8 அங்குலத் துளையில் 10 மில்லிமீட்டர் ஸ்டட்டை வலிந்து திருகினால் மரை நாசமாகும். அடுத்த லாடம் வரும்வரை அந்தத் துளை பயன்படாது.

ஒரு லாடத்துக்கு ஒரு துளையா, இரண்டா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வெளிப்பக்கம் மட்டும் ஒரு ஸ்டட் மாட்டினால், கால் ஊன்றும்போது அந்தப் புள்ளியைச் சுற்றி லாடம் திரும்பப் பார்க்கும். பாதமும் ஒருபக்கம் உயர்ந்து நிற்கும். இரண்டு துளை போட்டுக்கொள்வதே நல்லது. மாட்டும்போது அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

2. கருவிகள்

எல்லாம் ஒரு சிறு பெட்டியில் அடங்கும். மரையைச் சுத்தம் செய்யும் டி வடிவ டேப், ஸ்பேனர், கம்பித் தூரிகை, துளையிலிருந்து மண்ணைக் கிளற ஒரு பழைய லாட ஆணி, எண்ணெய், துளையை அடைக்கப் பஞ்சு அல்லது ரப்பர் அடைப்பான், ஸ்டட்களைப் போட்டுவைக்க ஒரு காந்தக் கிண்ணம். கிண்ணம் ஆடம்பரமல்ல. புல்லில் தவறி விழுந்த கூர்மையான ஸ்டட் அடுத்து வரும் குதிரையின் குளம்புக்குள் ஏறும்.

3. முந்தைய நாள் மாலை

போட்டி நாள் காலையில் நேரம் இருக்காது. குதிரையும் பரபரப்பாக இருக்கும். அதனால் துளைகளை முந்தைய நாளே தயார் செய்ய வேண்டும்.

குளம்பைத் தூக்கி, தூரிகையால் சேற்றைத் துடைத்து, ஆணியின் முனையால் துளைக்குள் இறுகிக் கிடக்கும் மண்ணையும் சிறு கல்லையும் கிளறி எடுங்கள். பிறகு டேப்பைத் துளையில் நேராக வையுங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. டேப் சாய்ந்து இறங்கினால் மரையின் மேல் இன்னொரு மரை வெட்டுப்படும். முதலில் டேப்பை இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெல்லத் திருப்புங்கள். மரையின் தொடக்கம் வந்ததும் ஒரு சிறு ‘டக்’ விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் டேப் தானாகவே நேராக இறங்கும். இறுக்கம் வந்தால் அழுத்தாதீர்கள். கொஞ்சம் பின்னோக்கித் திருப்பி, மண்ணை உதறிவிட்டு, மறுபடி முன்னே செல்லுங்கள்.

லாடத்தின் கனத்தைத் தாண்டி டேப்பை இறக்கக் கூடாது. துளையின் மறுபக்கம் இருப்பது உயிருள்ள காலின் குளம்பு. இன்னொரு ஆபத்தும் உண்டு: டேப் துளைக்குள் இருக்கும்போது குதிரை காலை உதறிக் கீழே ஊன்றினால், அந்த டேப் உங்கள் கையையோ குதிரையின் காலையோ கிழிக்கும். குதிரை அசையத் தொடங்கியதும் டேப்பை எடுத்துவிடுங்கள். ஊன்றினாலும் ஆபத்து குறையும்படி வடிவமைத்த டேப்களும் கடையில் கிடைக்கின்றன. புதிதாகக் கற்பவர்கள் அதையே வாங்கலாம்.

சுத்தமானதும் எண்ணெயில் நனைத்த பஞ்சைத் துளையில் திணித்து அடைத்துவிடுங்கள். இரவு முழுவதும் மண் புகாது, மரை துருப்பிடிக்காது.

4. தரையை நடந்து பார்த்தல்

எந்த ஸ்டட் என்பதைத் தரைதான் தீர்மானிக்கிறது. கிராஸ் கன்ட்ரி வீரர்கள் போட்டிக்கு முன் பாதை முழுவதையும் காலால் நடந்து பார்ப்பது வழக்கம். அப்போது தடைகளை மட்டும் பார்த்தால் போதாது. தாவும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் திருப்பங்களிலும் உங்கள் காலணியின் குதிகாலை அழுத்தித் திருப்பிப் பாருங்கள். உள்ளே இறங்குகிறதா, மேலேயே வழுக்குகிறதா, சேறு ஒட்டிக்கொண்டு வருகிறதா?

நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். காலைப் பனியில் வழுக்கிய புல் நண்பகலில் காய்ந்துவிடும். நாள் கடைசியில் ஓடும் குதிரைக்கு, முன்னே போன குதிரைகள் கிளறிப்போட்ட தரைதான் கிடைக்கும். ஆகவே முடிவைக் கூடியவரை ஓட்டத்துக்கு அருகில் எடுங்கள்.

5. ஸ்டட் தேர்வு

அடிப்படை விதி எளிது: தரை கெட்டியானால் சிறியதும் கூரானதும், தரை இளகினால் பெரியதும் மழுங்கியதும்.

கோடையில் காய்ந்து இறுகிய தரைக்கு மெல்லிய, கூர்மையான சிறு ஸ்டட் போதும். அங்கே பெரியதை மாட்டினால் அது மண்ணுக்குள் இறங்காது. குதிரை நாலு முள்ளின் மேல் நிற்பதுபோல் குதிகால் தூக்கி ஓடும். அடியில் கெட்டியாக இருந்து மேலே மட்டும் மழையில் நனைந்த தரைதான் ஏமாற்றும் தரை. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் அதிகம் வழுக்கும். அதற்கு நடுத்தர அளவில், முனை கூரானது வேண்டும். மழை ஊறிச் சேறான தரைக்குச் சதுரமாகவோ துப்பாக்கி ரவை வடிவிலோ இருக்கும் பெரிய ஸ்டட். மணல் தளத்தில் பொதுவாக ஸ்டட் தேவையில்லை.

அடுத்து, எந்தக் காலுக்கு எது? உந்துவது பின்னங்கால், ஆகவே பின்னால் சற்றுப் பெரியது. தாண்டி இறங்கும் பாரத்தைத் தாங்குவது முன்னங்கால், அங்கே சிறியது. ஒரே லாடத்தில் உள்பக்கம் எப்போதும் சிறியதாகவும் மழுங்கியதாகவும் இருக்கட்டும். ஓடும்போது ஒரு கால் மறுகாலை உரசுவது உண்டு. உள்பக்கத்துக் கூர்முனை அந்தக் காலைக் கிழித்துவிடும். இடம், வலம் இரண்டு கால்களுக்கும் ஒரே அளவு.

பெரியது மாட்டினால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குளம்பு தரையில் படும்போது இயல்பாகவே சிறிது சறுக்கித்தான் நிற்கிறது. அந்தச் சறுக்கல்தான் மோதலின் விசையைத் தணிக்கிறது. பெரிய ஸ்டட் குளம்பைப் பட்ட இடத்திலேயே பூட்டிவிட்டால், விசை முழுவதும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் ஏறும். உடல் திரும்பும்போது பாதம் திரும்பாமல் நின்றால் மூட்டு முறுக்கும். வழுக்கி விழாமல் காக்கும் அளவு பிடிமானம் போதும். அதற்கு மேல் கூடுவதெல்லாம் குதிரையின் காலுக்குச் சேதம்.

6. மாட்டுதல்

ஓட்டத்துக்குச் சற்று முன், சமமான புல்தரையில் குதிரையை நிறுத்தி, பழகிய ஒருவரை லகானைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மண்டியிட்டு உட்காராதீர்கள், குனிந்தே வேலை செய்யுங்கள். குதிரை திடீரென்று நகர்ந்தால் விலக முடிய வேண்டும்.

காலைத் தூக்கி, ஆணி முனையால் பஞ்சை எடுங்கள். ஸ்டட்டை முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். விரலுக்கே எளிதாக இறங்கினால் மரை சுத்தமாக இருக்கிறது என்று பொருள். முரண்டு பிடித்தால் கழற்றி மறுபடி தொடங்குங்கள். ஸ்பேனரால் வலிந்து இறக்கக் கூடாது. கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஸ்பேனர். ஸ்டட்டின் அடிப்பகுதி லாடத்தோடு இடைவெளியில்லாமல் படிய வேண்டும். லாடம் தேய்ந்து மெலிந்திருந்தால் ஸ்டட்டின் தண்டு மறுபக்கம் நீட்டிக் குளம்பை அழுத்தும்; அப்படியானால் தண்டு குட்டையான ஸ்டட்டை மாட்ட வேண்டும்.

7. மாட்டிய பின்

இப்போது குதிரையின் நான்கு கால்களும் ஆயுதங்கள். பின்னங்கால் ஸ்டட் முன்னங்கால் குதிகாலைக் குத்தாமலிருக்க மணி வடிவக் காலுறையைக் குளம்பின் மேல் மாட்டுங்கள். ஷோ ஜம்பிங்கில் முன்னங்கால்களை மார்போடு மடக்கித் தாண்டும் குதிரை தன் வயிற்றையே ஸ்டட்டால் கீறிக்கொள்ளும்; அதனால் சேணத்தின் வயிற்றுப் பட்டையோடு அகலமான தோல் காப்பு ஒன்றைச் சேர்க்கிறார்கள்.

கான்கிரீட்டிலும் தார்ச்சாலையிலும் நடத்தாதீர்கள். உடல் சூடேற்றும் பயிற்சி முடிந்ததும் ஒருமுறை ஸ்பேனரால் எல்லாவற்றையும் சரிபாருங்கள். லேசாக ஆடும் ஸ்டட் கட்டாயம் கழன்று விழும். போகும்போது மரையையும் கெடுத்துவிட்டுப் போகும்.

8. கழற்றுதல்

ஓட்டம் முடிந்ததும் மூச்சையும் உடல் சூட்டையும் தணிப்பதே முதல் வேலை. அது சீரானதும் அடுத்த வேலை ஸ்டட்டைக் கழற்றுவது. ஸ்டட்டோடு குதிரையை வண்டியில் ஏற்றக் கூடாது. லாயத்தில் கட்டவும் கூடாது. நெருக்கமான இடத்தில் தன் காலையே மிதித்துக்கொள்ளும். கெட்டித் தரையில் சமமில்லாமல் நெடுநேரம் நிற்பதும் காலுக்குக் கேடு. கழற்றும்போது எண்ணிப் பாருங்கள்; மாட்டியது எத்தனையோ அத்தனை கைக்கு வந்ததா என்று உறுதிசெய்யுங்கள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள். மறுநாளும் தேவை என்றால் துளையைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள்.

பனி நாடுகளில்

ஸ்வீடன், நார்வே, ஐஸ்லாந்து போன்ற நாடுகளில் நிலைமை வேறு. அங்கே பனிக்கட்டி வாரக்கணக்கில் கிடக்கும். வழுக்கல் குதிரையின் அன்றாடம். அதனால் டங்ஸ்டன் கார்பைடு முனை பதித்த சிறு ஸ்டட்களைக் குளிர்காலம் முழுவதும் விட்டுவைக்கிறார்கள். குளம்புக்குள் பனி உருண்டையாகக் கட்டிக்கொள்ளாமல் இருக்க, லாடத்துக்கும் குளம்புக்கும் இடையே ரப்பர் தகடும் வைப்பதுண்டு. சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் உறைந்த ஏரியின்மேல் 1907 முதல் பந்தயக் குதிரைகள் ஓடுவதும் பனிக்கேற்ற முள் லாடத்தோடுதான். போலோவில் இதற்கு நேர்மாறான கட்டுப்பாடு: குதிரைகள் நெருங்கி உரசி ஆடும் விளையாட்டு என்பதால் பிரிட்டனின் விதிகள் பின்னங்கால் லாடத்தின் குதிகாலில் மட்டுமே முள்ளை அனுமதிக்கின்றன.

எந்த நாட்டிலும், எந்த விளையாட்டிலும் ஒன்று பொது. தன் காலில் என்ன மாட்டியிருக்கிறது என்று குதிரை சொல்லப்போவதில்லை, வலித்தாலும் ஓடும். இரண்டு அளவுகளுக்கு நடுவே தயக்கம் வந்தால் சிறியதை எடுங்கள். எந்த ஸ்டட்டும் போதாத அளவுக்குத் தரை கெட்டிருந்தால் வேகத்தைக் குறையுங்கள். அதுவும் போதாது என்றால் அன்றைய ஓட்டத்தைக் கைவிடுங்கள். போட்டி அடுத்த மாதமும் வரும். முறிந்த கால் பல குதிரைகளுக்குத் திரும்பக் கிடைப்பதில்லை.